மாரத்தான் பயிற்சியும் காயமும்: மூச்சுக்கு ஒரு வேகம், எலும்புக்கு ஒரு வேகம்

முதன்முறையாக மாரத்தான் ஓட முடிவெடுக்கும் அமெச்சூர் ஓட்டக்காரர் பெரும்பாலும் போட்டித் தேதியைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார். பிறகு அதிலிருந்து பின்னோக்கி 16 அல்லது 20 வாரங்களை எண்ணி, ஒரு பயிற்சியாளர் பொதுவாக வகுத்த அட்டவணையை அந்த வாரங்களின் மேல் பொருத்திக்கொள்கிறார். அந்த அட்டவணையில் நீண்ட ஓட்டம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய் 30 அல்லது 32 கி.மீ.யைத் தொடும், கடைசி மூன்று வாரங்களில் இறங்கும். காய்ச்சலில் படுத்த வாரத்துக்கும், குதிகால் வலியால் நொண்டிய பத்து நாட்களுக்கும், வேலைப் பளுவில் தூக்கம் கெட்ட மாதத்துக்கும் அதில் கட்டமே கிடையாது. ஆனால் மாரத்தானுக்குத் தயாராகும் சாதாரண மனிதர்களில் கணிசமானோருக்குப் பயிற்சிக் காலத்தில் ஏதேனும் ஒரு காயம் வந்து, சில நாட்களாவது ஓட்டம் நின்றுபோகிறது. அப்போது பலரும் அதைத் தம் கெட்ட நேரமாகவோ மன உறுதிக் குறைவாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான உடலியல் காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டவருக்கு, தடைகளோடு பயிற்சியைத் தொடர்வது எப்படி என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

42.195 கி.மீ. என்ற தூரம் மனித உடலின் திறனை அளந்து வைத்ததன்று. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 40 கி.மீ.தான் ஓடினார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ஸர் கோட்டையிலிருந்து மைதானத்தின் அரச இருக்கை வரை அமைந்த பாதையின் நீளம் 26 மைல் 385 கஜமாக இருந்தது; 1921இல் அதுவே உலகத்துக்கெல்லாம் விதியாயிற்று. ஆகத் தூரமும் மாறாது, போட்டித் தேதியும் மாறாது. மாற வேண்டியதும், மாறுவதற்கு அவகாசம் கேட்பதும் உடல் ஒன்றுதான்.

அந்த உடல் சுமக்கும் பளுவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் விழுகின்றன. நாலரை மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவர் 43,000 முதல் 48,000 முறை தரையை மிதித்திருப்பார். ஒவ்வொரு மிதிப்பிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாணில் அந்த இழுவிசை உடல் எடையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை ஏறுகிறது. இத்தனை மிதிப்புகளில் எந்த ஒன்றும் தனியாக யாரையும் காயப்படுத்துவதில்லை. ஓட்டக்காரரின் காயம், விழுந்து கையை முறித்துக்கொள்வது போல் ஒரு கணத்தில் நிகழ்வதன்று. பழுது சேரும் வேகம் பழுது பார்க்கும் வேகத்தைத் தாண்டும்போது மெல்ல உருவாவது. அதனால்தான் பலருக்கும் வலி எந்த நாளில் தொடங்கியது என்றே திட்டமாகச் சொல்ல முடிவதில்லை.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். தொடர்ந்து ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. சில வாரங்களில் தசைகளுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. ஆறு அல்லது எட்டு வாரங்களில், முன்பு மூச்சிரைத்த வேகத்தில் இப்போது பேசிக்கொண்டே ஓட முடிகிறது. எலும்பு அப்படி இல்லை. புதிய பளுவை உணர்ந்த எலும்பு, முதலில் தன் பழைய திசுவை அரித்தெடுக்கிறது. இதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. அரித்த இடத்தில் புது எலும்பைக் கட்டி முடிக்க மேலும் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ பிடிக்கின்றன. அதாவது பயிற்சியைக் கூட்டிய சில வாரங்களுக்கு, பளு விழுகிற அந்த இடத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. தசைநாண்களுக்கோ இரத்த ஓட்டம் குறைவு. அவை கெட்டிப்படவும் பழுதிலிருந்து மீளவும் மாதக் கணக்காகும்.

எனவே புதிய ஓட்டக்காரருக்கு மிகவும் ஆபத்தான காலம், மூச்சுத் திணறும் தொடக்க வாரங்கள் அல்ல. மூச்சு வசப்பட்டு, இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்று தோன்றும் இரண்டாம், மூன்றாம் மாதங்கள். நுரையீரல் தரும் அனுமதியை எலும்பும் தசைநாணும் தந்த அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான காயங்களுக்குத் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே சைக்கிள் மிதித்தோ நீந்தியோ நல்ல மூச்சுப் பலம் பெற்றவர்கள் ஓட்டத்துக்கு வரும்போது சீக்கிரமே காயப்படுவதையும் இதே காரணத்தால் விளக்கலாம். அவர்களுடைய இதயம் தயாராக வந்திருக்கிறது. கால்கள் இன்னும் வரவில்லை.

சரி, எவ்வளவு கூட்டினால் அதிகம்? ஒரு வாரத்தின் மொத்தத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது ஓட்டக்காரர்களிடையே பல தலைமுறையாகப் புழங்கும் விதி. 2008இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட புதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சியும், மற்றவர்களுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். 2025இல் 5,200 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளைக் கொண்டு வெளியான ஆய்வு, இந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. வார மொத்தம் கூடியதற்கும் காயத்துக்கும் எதிர்பார்த்த தொடர்பு தென்படவில்லை. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாண்டிய நாட்களில்தான் காயத்தின் அபாயம் தெளிவாக உயர்ந்தது. இரு மடங்குக்கு மேல் தாண்டியவர்களுக்கு அது இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது.

இந்த முடிவு மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. 18 கி.மீ. வரை ஓடிப் பழகிய ஒருவர் சளிக்காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து பார்த்தால் அட்டவணை 24 கி.மீ.யில் நிற்கிறது. விட்ட வாரங்களைப் பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையே 24 கி.மீ. ஓடினால், அவருடைய கால்கள் அறிந்த மிக நீண்ட தூரத்தைவிட அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அட்டவணையின்படி அது வழக்கமான ஏற்றம். அவருடைய கால்களைப் பொறுத்தவரை திடீர்த் தாவல். தவறிய ஓட்டங்களைத் திருப்பி எடுக்க முயல்வதே அடுத்த காயத்துக்கு வழி என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதன் பொருள் இதுதான்.

அமெச்சூர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை முடித்தார். அந்தத் தரத்தில் இருப்பவருக்கு 32 கி.மீ. நீண்ட ஓட்டம் என்பது இரண்டு மணி நேர வேலை. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுத்துக்கொள்பவருக்கு அதே தூரம் நான்கு மணி நேரம். தூரம் ஒன்றானாலும் மிதிப்புகளின் எண்ணிக்கை ஒன்றல்ல. களைப்பில் இடுப்பு சரிந்து, பாதம் தளர்ந்து விழும் நேரமும் ஒன்றல்ல. தொழில்முறை வீரர் ஓடி முடித்தபின் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறார். அமெச்சூர் குளித்துவிட்டு அலுவலகம் போகிறார், அல்லது குழந்தைகளைக் கவனிக்கிறார், இரவு ஐந்தரை மணி நேரம் தூங்கி விடியுமுன் மறுபடி எழுகிறார். பழுது பார்க்கும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில் நடப்பதால், தூக்கம் குறைந்த வாரத்தில் ஓடிய 40 கி.மீ.யும் நன்றாகத் தூங்கிய வாரத்தில் ஓடிய 40 கி.மீ.யும் சமமாக இருக்க முடியாது. மெதுவாக ஓடுபவர்கள் தங்கள் நீண்ட ஓட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளந்து, மூன்று அல்லது மூன்றரை மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று பல பயிற்சியாளர்கள் கூறுவதை நான் முழுமையாக ஏற்கிறேன். 32 என்ற எண்ணுக்கு எந்தத் தெய்வீகமும் இல்லை.

இனி வலிக்கு வருவோம். எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு நிற்க வேண்டும் என்பதை அறிவதுதான் அமெச்சூர் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான திறன். வேகத்தைக் கற்பது அதற்குப் பிறகுதான். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்விளிம்பில் வரும் வலியை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்து, விரல் நுனியால் அந்த விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வந்தால், ஒரு சாண் அளவுக்கு ஆங்காங்கே பரவலாக நோகிறதா, அல்லது ஒரு விரல் நுனியால் மறைக்கக்கூடிய ஒரே புள்ளியில் சுரீர் என்று குத்துகிறதா என்பது தெரியும். முதலாவது பெரும்பாலும் எலும்புறையும் அதைச் சார்ந்த திசுக்களும் பளு தாங்காமல் நோவது. பயிற்சியைக் குறைத்து, கெண்டைக்கால் தசைகளைப் பலப்படுத்தினால் அடங்குவது. இரண்டாவது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போவது போல் நொந்தால், உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்க நாட்களில் எக்ஸ்ரே படத்தில் இந்த விரிசல் தெரியாமல் போவது சாதாரணம், எம்.ஆர்.ஐ.தான் காட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மகிழ்ந்து மறுநாளே ஓடப் போனவர்கள் ஆறு வார ஓய்வை ஆறு மாதமாக நீட்டிக்கொண்டதுண்டு.

இதைவிடவும் எச்சரிக்கை வேண்டிய இடம் தொடை இடுக்கு. ஓடும்போது அங்கே ஆழத்தில் எழும் வலி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசலாக இருக்கக்கூடும். அதைத் தசைப் பிடிப்பு என்று நினைத்து ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பு முற்றிலும் முறிந்து, அறுவை சிகிச்சை வரை போகலாம். இதில் தன் உறுதியைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை என்றே சொல்வேன்.

மறுபுறம், எல்லா வலிக்கும் படுத்துவிட வேண்டியதில்லை. தசைநாண் நோவுகளில் முழு ஓய்வு பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைநாண் பலம் பெறாது, ஓடத் தொடங்கியதும் வலி திரும்பும். 1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், நாள்பட்ட அக்கிலீஸ் வலியால் அவதிப்பட்ட 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த பயிற்சி இந்தப் பார்வையையே மாற்றியது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்க வேண்டும். நல்ல காலால் உந்தி மேலெழும்பி, எடை முழுவதையும் நோகும் காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே தொங்கும் வரை மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 முறை வீதம் மூன்று சுற்று. இப்படிக் காலையும் மாலையும். நாளைக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம், விடுமுறை இல்லாமல். வலித்தாலும் தொடர வேண்டும். வலி போய்விட்டால் முதுகில் பையை மாட்டி எடையைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டு வார முடிவில் அந்தப் பதினைந்து பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லோருக்கும் இத்தகைய முழுமையான பலன் கிடைப்பதில்லை என்று காட்டினாலும், பளுவே மருந்தாக முடியும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அந்தப் பளுவின் அளவை எப்படி நிர்ணயிப்பது? 2007இல் ஸ்வீடனிலேயே நடந்த மற்றோர் ஆய்வு, அக்கிலீஸ் வலி உள்ளவர்களில் ஒரு பிரிவினரை, வலி ஒரு வரம்புக்குள் இருக்கும் வரை ஓட அனுமதித்தது. பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் கொடுக்கும்படி சொன்னார்கள். ஓடும்போது ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. அப்படி ஓடியவர்கள், ஓட்டத்தை அறவே நிறுத்தியவர்களைவிட மோசமாகிவிடவில்லை. இன்று பல இயன்முறை மருத்துவர்கள் ஓட்டக்காரர்களுக்கு வரம்பை இரண்டு அல்லது மூன்று என்று இன்னும் இறுக்கமாக வைக்கிறார்கள். ஓடும்போது உடல் சூடேறி வலியை மறைத்துவிடும் என்பதால், மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளே நம்பகமான சாட்சி. அந்த அடிகளில் நேற்றைவிட இறுக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் ஓட்டம் அதிகம், அவ்வளவுதான் விஷயம். எலும்பு விரிசலுக்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது என்பதை மறந்துவிடலாகாது.

ஓட்டத்தை நிறுத்த வேண்டிய கட்டத்தில், சேர்த்த பலமெல்லாம் வீணாகிவிடும் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. 1984இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் கோய்லும் அவருடைய குழுவினரும், நன்கு பயிற்சி பெற்றவர்களை 84 நாட்கள் பயிற்சியில்லாமல் இருக்கச் செய்து அளந்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் மூன்று வாரங்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களுக்குப் பிறகு 16 சதவீதக் குறைவில் நிலைத்தது. இது எதுவுமே செய்யாமல் இருந்தவர்களின் கணக்கு. காயப்பட்ட ஓட்டக்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. காயம் அனுமதித்தால் சைக்கிள் மிதிக்கலாம். மிதக்க உதவும் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கால் தரையில் படாத ஆழத்தில் தண்ணீருக்குள்ளேயே ஓடும் அசைவைச் செய்யலாம். இப்படிச் செய்பவர்கள் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தம் மூச்சுப் பலத்தில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்கிறார்கள். தரையின் மோதலுக்குப் பழகிய கால்களின் தாங்குதிறன்தான் குறைகிறது. ஆக, திரும்பி வருபவரிடம் பழைய மூச்சும் புதியவரின் கால்களும் இருக்கின்றன. முன்பு சொன்ன அதே பொருத்தமின்மை, இம்முறை இன்னும் கூர்மையாக. முந்தைய காயமே அடுத்த காயத்தை முன்னறிவிக்கும் மிக வலுவான குறி என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே திரும்பும் ஓட்டம், நடையும் ஓட்டமும் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும். முதலில் அரை மணி நேரம் வலியின்றி வேகமாக நடக்க முடிய வேண்டும். பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலைச் சாட்சி சரியாக இருந்தால் மட்டும் ஓட்டத்தின் பங்கு கூடும். இதை அவமானமாக எண்ணுபவர்கள் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, 1970களிலிருந்தே நடையும் ஓட்டமும் கலந்த முறையைச் சாதாரண மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முழு மாரத்தானையும் அம்முறையில் முடித்தவர்கள் ஏராளம். நடுவே நடப்பதால் மாரத்தான் மாரத்தான் இல்லாமல் போய்விடுவதில்லை.

உணவைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. காயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது மட்டும் இங்கே. உடல் எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு மாரத்தான் பயிற்சிக்கு வருபவர்கள், ஓட்டத்தைக் கூட்டும் அதே மாதங்களில் சாப்பாட்டையும் குறைக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி என்ற கணக்கில், 70 கிலோ எடையுள்ளவர் 25 கி.மீ. ஓடினால் சுமார் 1,750 கலோரி செலவாகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் உடல் வேறு செலவுகளைக் குறைக்கிறது. இனப்பெருக்க இயக்குநீர்களும் எலும்புக் கட்டுமானமும் அதில் பாதிக்கப்படுகின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலையை ஒரு தனி நோய்க்குறித் தொகுதியாக வரையறுத்து, அது ஆண்களையும் பாதிக்கும் என்று சுட்டிக்காட்டியது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதன் தெளிவான அடையாளம். அதைக் கடின உழைப்பின் சான்றாக எண்ணி விட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எலும்பு விரிசலுக்கு முன்னால் உடல் தரும் எச்சரிக்கை அது.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குப் போகும் வழக்கம் இரண்டு வகையில் கெடுதல். மறுநாள் காலைச் சாட்சியை அது வாயடைத்துவிடுகிறது. அதோடு, நீரிழப்பு ஏற்பட்டிருக்கும் உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது. பனிக்கட்டியும் ஓய்வும் என்ற பழைய சூத்திரமும் மாறியிருக்கிறது: 1978இல் அதை வகுத்த மருத்துவர் கேப் மிர்கினே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். காலணியைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: எல்லாக் காயத்தையும் தடுக்கும் காலணி எதுவும் இல்லை, வசதியாகப் பொருந்துவதே நல்லது, திடீரென்று வேறு வகைக்கு மாறுவது கெடுதல்.

காயத்தின் இன்னொரு பாதி மனத்தில் நடக்கிறது. விடியற்காலை ஓட்டம் ஒருவருடைய நாளின் அச்சாக ஆகிவிட்டபின், அது பறிபோகும்போது எரிச்சலும் வெறுமையும் வருவது இயல்பு. உடன் ஓடுபவர்களின் தூரங்கள் கைபேசியில் நாள்தோறும் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது அது இன்னும் கூடுகிறது. அந்த நேரத்தில் வீரக் கதைகள் கண்ணில் படும். ஜோன் பெனாய்ட் 1984இல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்துக்கு 17 நாட்கள் முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்தத் தேர்விலும் வென்று, லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கமும் வென்றார். உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைக்கும் நிகழ்வு. ஆனால் முந்தைய ஆண்டு பாஸ்டனில் உலகச் சாதனை நேரத்தில் ஓடியிருந்த ஒருவரின் பல்லாண்டு அடித்தளம் அதற்குக் கீழே இருந்தது என்பதும், நோகும் காலைக் காப்பாற்றி ஓடியதில் அவருக்கு மற்றக் காலின் தொடைத் தசையும் காயப்பட்டது என்பதும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. அவருக்கு அந்த நாள் தவறினால் அடுத்த வாய்ப்பு நான்காண்டு கழித்துத்தான். அமெச்சூருக்கு அந்த நெருக்கடி இல்லை. போட்டிகள் ஆண்டுதோறும் வருகின்றன. பஞ்சாபில் பிறந்த ஓட்டக்காரர் ஃபௌஜா சிங், கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதிப்படி 89 வயதில்தான், 2000ஆம் ஆண்டு லண்டனில், தம் முதல் மாரத்தானை ஓடினார்.

வீட்டாரும் நண்பர்களும் சொல்லும் "இப்படி ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்" என்ற எச்சரிக்கைக்கும் பதில் வேண்டும். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் 3.5 சதவீதமாகவும், ஓடாமல் அமர்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதமாகவும் இருந்தது. போட்டி ஓட்டக்காரர்களில் மட்டும் அது 13.3 சதவீதம். ஓட்டமே மூட்டைத் தேய்த்துவிடுகிறது என்பதற்கு இது ஆதாரம் தரவில்லை. அளவு முக்கியம் என்பதற்குத் தருகிறது.

கடைசி மூன்று வாரங்களில் புதிதாகச் சேர்க்கக்கூடிய பலம் எதுவும் இல்லை என்பதை மனம் ஏற்க மறுக்கும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில், ஓடும் நாட்களையும் வேகத்தையும் மாற்றாமல், மொத்தத் தூரத்தை மட்டும் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பதே அதிகப் பலன் தருகிறது என்று 2007இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கண்டது. காயத்தால் பிந்தியவர்கள் இந்த வாரங்களில்தான் விட்ட நீண்ட ஓட்டத்தை எப்படியாவது ஓடிவிட முனைகிறார்கள். அதைவிட, தவறிய ஓட்டம் தவறியதாகவே இருக்கட்டும் என்று விட்டு, போட்டிக்கான வேகத்தைக் கிலோமீட்டருக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ தளர்த்திக்கொள்வது மேல். 24 கி.மீ. வரை வலியின்றி ஓடியவர், நடையும் கலந்து, நேரத்தை மறந்து முழுத் தூரத்தையும் முடிக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. நடையிலேயே நொண்டுபவருக்கு, ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்க முடியாதவருக்கு, எலும்பு வலி என்று சந்தேகம் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் அரை மாரத்தானுக்கு மாறுவதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதா என்பதை அமைப்பாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கட்டிய பணம் எப்படியும் போனதுதான். அதற்காகக் காலையும் கொடுக்க வேண்டியதில்லை.

தொடக்கக் கோட்டில் நிற்பவர், எந்த நிலையில் நின்றுவிடுவது என்பதை முந்தைய நாளே தீர்மானித்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைத்திருப்பது அவசியம். 30 கி.மீ.க்கு மேல் தசைகளில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்து, மூளையும் சோர்ந்துபோன நிலையில் நல்ல முடிவு எடுக்க எவராலும் முடியாது. அந்த நேரத்தில் எல்லாமே வலிக்கும் என்பதால் வலியின் அளவை வைத்து முடிவெடுக்க இயலாது. கவனிக்க வேண்டியது, வலி நடையை மாற்றுகிறதா என்பது. இரு தொடைகளும் சமமாகக் கனத்து எரிந்தால் அது மாரத்தானின் இயல்பு. மெதுவாக்கி, நடந்து, சர்க்கரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தொடரலாம். தண்ணீரையும் தாகத்துக்கு மேல் குடிக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே குறைந்திருந்தது, அளவுக்கு மீறிக் குடித்ததே அதில் பெரும் பங்கு. ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஒரே இடத்தில் வலி குத்தி, சில நிமிடம் நடந்த பிறகும் அந்தக் காலில் எடையை முழுமையாக ஊன்ற முடியாவிட்டால், அடுத்து வரும் மருத்துவ உதவி மேடையில் நின்றுவிட வேண்டும். அங்கே நிற்பவருக்கு முன்னால் பெரும்பாலும் சில வார ஓய்வும், நடை-ஓட்டத்தில் தொடங்கும் இன்னொரு பயிற்சிக் காலமும் இருக்கும். விரிசல் விட்ட எலும்போடு மீதி தூரத்தையும் இழுத்துக்கொண்டு போய் முடிப்பவருக்கு மாதக் கணக்கில் ஊன்றுகோலும், சில வேளை அறுவை சிகிச்சை அறையும் காத்திருக்கின்றன.